படத்து ரயிலை மேடையில் ஓட்டினோம்

"ரயில் நல்லா ஓடுச்சுண்ணே!"

இராஜபாளையத்தில் எங்கள் இசை நாடகம் முடிந்த அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு இதுதான். சொன்னவர் மேடைக்குப் பக்கத்தில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தவர். பன்னிரண்டு பாட்டு, நாற்பது நாள் ஒத்திகை. இவ்வளவுக்கும் பிறகு மனுசனுக்கு நினைவில் நின்றது எல்.இ.டி. திரையில் ஓடின ஒரு ரயில்! அதுவும் நாங்கள் எடுத்த ரயிலா? செல்போனில் தேடி இறக்கின ரயில்.

விளக்குப் போடவும் பாட்டுப் போடவும் புதிதாக மேடைக்கு வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, போன மாதம் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "ஓகோன்னு ஓடுன படத்த மேடைல ஏத்துனா ஏம்ணே சப்புன்னு போயிருது?" அன்றைக்கு ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமோ, பாதியில் விட்டுவிட்டோமோ என்று ஒரே அரிப்பு. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விஷயம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது!

ஓய்வெடுக்கிற வரைக்கும் நான் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். மேடையின் இடது ஓரத்தில், திரைக்குப் பின்னால், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பட்டனைத் தட்டுவேன். கைக்கெட்டும் தூரத்தில் விளக்குகளின் சுவிட்சுகள். பயந்தாங்கொள்ளி என்பதால் எனக்கு எல்லாமே மும்மூன்று வேண்டும். பாட்டு லேப்டாப்பில் இருக்கும், சட்டைப்பையில் பென்டிரைவில் இருக்கும், இன்னொரு பென்டிரைவ் என் வீட்டுக்காரி மணிபர்சில் இருக்கும். "என் பர்சு என்ன பாட்டுப் பெட்டியா?" என்று அவள் ஒவ்வொரு நாடகத்துக்கும் கேட்பாள்.

அந்தப் படத்தின் பெயர் வேண்டாம். கதை இதுதான். பட்டாளத்துக்குப் போன புருசனிடமிருந்து தகவல் இல்லை. பெண்சாதி வாரம் தவறாமல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறாள். கடைசியில் ஒருநாள் ரயில் வந்து, நின்று, கிளம்பிப் போன பிறகு, அவளுக்குப் பின்னால் அவன் நிற்கிறான். சினிமாவில் ரயில் கடக்கும்போது ஜன்னல் இடைவெளிகளில் அவள் முகம் தெரிந்து தெரிந்து மறையும். பிறகு அவள் கண் மட்டும் திரை முழுக்க வரும். ஒரே ஒரு சொட்டு. உடனே பாட்டு. தியேட்டரில் நானே கர்ச்சீப்பை நனைத்தேன்.

எங்கள் வாத்தியாரும் நனைத்திருப்பார் போல. நாடகம் சொல்லிக்கொடுத்து நடத்துகிறவரை எங்கள் பக்கம் வாத்தியார் என்றுதான் சொல்வோம். அவர் வந்து நின்ற வேகம் இருக்கிறதே! "ஏலே, இத அப்படியே தூக்கி மேடைல வைக்கோம். ஒரு புள்ளி மாறக்கூடாது. சனம் படத்துல பாத்தத மேடைல பாக்கணும்."

அந்த 'அப்படியே'யில்தான் நாங்கள் விழுந்தோம்.

முதல் அடி ஒத்திகையிலேயே விழுந்தது. படத்தில் கல்யாணப் பாட்டு முடிந்த அடுத்த நொடி மழையில் வயல். கண்ணை மூடித் திறந்தால் உடுப்பு மாறியிருக்கும். எங்கள் கதாநாயகன் தங்கப்பாண்டி பகலில் எலெக்ட்ரீசியன். பட்டுவேட்டியை அவிழ்த்துக் கைலிக்கு மாறி வருவதற்குள் பாட்டு முதல் சரணத்தைத் தாண்டிவிடும். ஒரு நாள் வேட்டிக்கு மேலேயே கைலியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். ஓடுகிற ஓட்டத்தில் கைலி நழுவி, உள்ளே ஜரிகை பளபளக்க, "மழையில நனைஞ்ச மாப்பிள்ளையா, மாப்பிள்ளையா வந்த மழையா?" என்று டோலக் வாசிக்கிறவர் கேட்க, எல்லோரும் உருண்டு சிரித்தோம். சிரித்த சிரிப்பில் விஷயத்தைக் கோட்டை விட்டோம். கத்தரித்து ஒட்டின நேரம் சினிமாவுடையது. மேடையில் மனுசன் உடுப்பு மாற்றி, மூச்சு வாங்கி, நடந்து வரவேண்டும். அந்த நேரத்தை ஒளிக்க முடியாது. அதற்கு நாமாக ஏதாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். நாங்களோ பாட்டை இரண்டு தடவை ஓட்டினோம்.

இரண்டாவது அடி காளீஸ்வரிக்கு. அவள்தான் கதாநாயகி. நூல் மில்லில் கோன் போடுகிற, அதாவது நூல் சுற்றுகிற, செக்ஷனில் வேலை. மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியோ என்னவோ, அப்படி ஒரு தொண்டை. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் மைக் இல்லாமலே கடைசி ஆள் வரைக்கும் போகும். வாத்தியார் அவளிடம் சொன்னார்: "நீ பாட வேண்டாந்தாயி. படத்துக் குரலையே போடுவோம். நீ வாய மட்டும் அசை. சனம் அந்தக் குரலுக்குத்தான் வருது."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இராஜபாளையத்தில் என்ன நடந்தது என்றால், மேடையை அடைத்து எல்.இ.டி. திரை. அதில் வடக்கே ஏதோ ஒரு பெரிய ஸ்டேஷன். ரயில் வந்தது பாருங்கள், ஆகா! கூட்டமே செல்போனைத் தூக்கிவிட்டது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நின்ற காளீஸ்வரி கறுப்பு நிழல் மாதிரி தெரிந்தாள். தங்கப்பாண்டி வந்து நின்றதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. அவருக்குப் பின்னால் அவரைவிடப் பத்து மடங்கு பெரிய ரயில்பெட்டி போய்க்கொண்டிருக்கிறது! ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பட்டனைத் தட்டினேன். படத்துக் குரல் வந்தது. முன்வரிசையில் ஒருத்தர் பக்கத்து ஆளிடம், "படத்துல இந்த எடத்துல அவ கண்ண மட்டும் காட்டுவான்லா, அது நல்லா இருக்கும்" என்றார். அது என் காதில் விழுந்தது. காளீஸ்வரி காதிலும் விழுந்திருக்கும். அவளோ அப்போது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்! நிஜக் கண்ணீர், பத்தடி தூரத்தில். ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை. நாங்கள் மாட்டின திரையின் வெளிச்சம் மறைத்துவிட்டது.

பாட்டு முடிவதற்குள் பாதி நாற்காலி காலி.

மறுநாள் காளீஸ்வரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். டூவீலரை நிறுத்தவே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் நாடகத்துலயும் வாய அசைக்கிறதுதான்னா இதோட நான் விட்டுருதேன். மில்லுல மிஷினு ஓடுது, நான் நிக்கேன். இங்கயும் மிஷினு ஓடுது, நான் நிக்கேன். என்ன வித்தியாசம்? இதுக்கு எதுக்குண்ணே மேடை?"

"வாத்தியார்ட்ட சொல்லேன்."

"சொன்னேன். பாதி நாற்காலி காலியானதுக்கு என் மூஞ்சிதான் காரணங்கிற மாதிரி பாக்காவ. நீங்க அந்தக் கடைசிப் பாட்ட செத்த நேரம் லேட்டாப் போடுங்க. அது போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

தைரியமான ஆளாக இருந்தால் சரி என்றிருப்பான், இல்லை முடியாது என்றிருப்பான். நான், "பார்ப்போம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு மூன்று நாள் என்னைத் தூங்க விடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் விழாக் கமிட்டிக்காரர்களுக்கு இராஜபாளையத்துச் சேதி அதற்குள் போய்விட்டது. எத்தனை கிலோமீட்டர் என்று நினைக்கிறீர்கள், டவுன் பஸ் தூரந்தானே! கமிட்டித் தலைவர் நேரே வந்து சொன்னார்: "கோவிச்சுக்கிடாதீய. பாட்டுக் கச்சேரிக்காரவியளுக்கும் சொல்லி வச்சிருக்கோம். மேடைக்குப் பொறத்தால வேன்ல இருப்பாவ. சனம் எந்திரிக்க ஆரம்பிச்சா, நீங்க எறங்கிக்கிடணும், அவிய ஏறிக்கிடுவாவ."

இதைவிட அவமானம் என்ன இருக்கிறது? எல்.இ.டி. திரை கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அது கச்சேரிக்காரர்களோடு வருகிறதாம். வாத்தியார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ரயில் இல்லாம எப்படிலே ரயில்வே ஸ்டேஷன்?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது! படிப்பை நிறுத்தின வருடம் நான் பேண்டேஜ் துணி வெளுக்கிற இடத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். வெளுத்த துணியை வெயிலில் நீள நீளமாகக் கட்டிக் காயப்போடுவோம். நம் பக்கம் வெயில் அடித்தால் அது வெள்ளைச் சுவர். அந்தப் பக்கம் ஆள் நிற்பதே தெரியாது. வெயில் அந்தப் பக்கம் போய்விட்டால் துணியே இல்லாத மாதிரி ஆள் அப்படியே தெரிவார். சூப்பர்வைசர் எந்தப் பக்கம் வருகிறார் என்று பயந்து பயந்து பார்த்தே நான் படித்த பாடம் அது.

"வாத்தியாரே, பேண்டேஜ் துணி!" என்று கத்தினேன்.

"ஆருக்குலே அடிபட்டுச்சு?"

தெரிந்த யூனிட்டில் துணி வாங்கி, அகலம் போதாமல் ஆறு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, மேடைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினோம். அதுதான் ஸ்டேஷன் சுவர். பின்னால் கறுப்புத் துணி. இரண்டுக்கும் நடுவில் தங்கப்பாண்டி டிரங்குப் பெட்டியோடு நிற்பார். முன்னால் விளக்கு எரிகிற வரைக்கும் அவர் இல்லை. முன்விளக்கை இறக்கி உள்விளக்கை ஏற்றினால் வந்துவிடுவார். கமிட்டிக்காரர் ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஸ்டேஷனுக்கே கட்டுப் போட்டிருக்கீய? எலும்பு முறிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரிக்கிற நிலையிலா இருந்தோம்? ஆனால் சிரித்தோம்.

ரயிலுக்கு என்ன செய்தோம் தெரியுமா? ரயிலைக் காட்டவே இல்லை! ரயில் ஜனங்கள் பக்கம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டோம். சைக்கிள் சக்கரத்தில் அட்டையை இடைவெளி விட்டுக் கட்டி, முன்விளக்குக்கு எதிரே சுற்றினால், ஜன்னல் வெளிச்சம் காளீஸ்வரி முகத்தில் ஓடுகிறது. சத்தத்துக்கு டோலக். வடக்கத்தி ஸ்டேஷனும் வேண்டாம், நம்மூர் ஸ்டேஷன், நம்ம செங்கோட்டை ரயில் என்று மாற்றினோம். வாத்தியார் எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஒன்றுக்கு மட்டும் இல்லை. "பாட்டு படத்துக் குரல்தான். ஆளு தெரிஞ்சதும் நாலு எண்ணு, தட்டு. அவ திரும்புறது அந்த முதல் அடிக்குத்தான்."

ஏழு மணிக்குத் திரை தூக்கினோம். கூட்டம் நல்ல கூட்டம். வத்திராயிருப்பு, புதுப்பட்டிப் பக்கத்திலிருந்தெல்லாம் வேனில் வந்திருந்தார்கள். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருக்கிற குடும்பங்கள். மேடைக்குப் பின்னால் கச்சேரி வேனில் யாரோ டிரம்மைத் தட்டித் தட்டிச் சரிபார்க்கிற சத்தம், என் நெஞ்சில் தட்டுவது மாதிரியே இருந்தது. முதல் மூன்று பாட்டுக்கு ஜனங்கள் அசையாமல் இருந்தார்கள். பிறகு ஓரத்தில் நாலைந்து பேர் எழுந்தார்கள். கமிட்டித் தலைவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். ஒருவழியாக ஸ்டேஷன் காட்சி வந்தது.

சைக்கிள் சக்கரம் சுற்றியது. டோலக் முதலில் மெதுவாக, பிறகு கடகடவென்று. காளீஸ்வரி முகத்தில் வெளிச்சம் ஓடுகிறது, அவள் கண் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடுகிறது. வேறு பார்ப்பதற்கு மேடையில் ஒன்றுமே இல்லை. அந்த முகம் ஒன்றுதான். எழுந்தவர்கள் நின்றபடியே நின்றுவிட்டார்கள். ரயில் போய்விட்டது. அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கை விட்டுவிட்டு முன்விளக்கை இறக்கினேன். உள்விளக்கை ஏற்றினேன்.

சுவருக்குள்ளிருந்து ஆள் வந்தது!

கூட்டத்தில் 'ஆ' என்று ஒரு மூச்சு. இப்போது நான் எண்ண வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. விரல் பட்டனுக்கு மேலே இருக்கிறது. தட்டவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஆளாளுக்கு என் முதுகைத் தட்டி, "என்ன சமயோசிதம்ணே!" என்றார்கள். அந்த முதல் சில நொடிகளில் சமயோசிதமும் இல்லை, மண்ணும் இல்லை. பயத்தில் விரல் மரத்துவிட்டது. அவ்வளவுதான். பாட்டு வராததால் காளீஸ்வரி திரும்பவில்லை. அவள் ஜனங்களைப் பார்த்தபடி நிற்கிறாள். பின்னால் புருசன் நிற்கிறான். ஊருக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்திலிருந்து வாத்தியார், "போடுலே! பாட்டப் போடுலே!" என்று கையைக் கையை ஆட்டுகிறார்.

அந்த நேரம் முன்வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். புதுப்பட்டிக்காரி என்று பிறகு தெரிந்தது. உரக்கச் சத்தம் போட்டாள்:

"ஏட்டி! திரும்பிப் பாரேன்! ஒனக்குப் பொறத்தாலதான் நிக்கான்!"

படம் பார்க்காதவள் இல்லை. அங்கே இருந்த அத்தனை பேரும் படம் பார்த்தவர்கள். அவன் வருவான் என்று தெரிந்தவர்கள். ஆனாலும் பொறுக்க முடியவில்லை அவளுக்கு!

காளீஸ்வரி அந்தப் பெண்ணை நேரே பார்த்தாள். நாடகத்தில் இல்லாத பேச்சு, ஒத்திகையில் இல்லாத பேச்சு:

"நெசமாவா மதினி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. போன வாரமும் இப்படித்தான் ஆள் நிக்கிற மாதிரி இருந்துச்சுன்னு திரும்புனேன். தூணு."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே வேறு என்னவோ ஆகிவிட்டது. அந்தப் பெண் விடவில்லை.

"தூணு இல்லட்டி! ஆளு! பெட்டி வச்சிருக்கான் பாரு!"

இப்போது வாத்தியார் மேடைக்குப் பின்பக்கமாக ஓடி என்னிடமே வந்துவிட்டார். "தட்டுலே" என்று என் கையைப் பிடிக்க வந்தார். எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். பயம் எந்த நொடியில் முடிந்தது, தீர்மானம் எந்த நொடியில் தொடங்கியது என்று கேட்டால் இன்றுவரைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் மூடினது நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

காளீஸ்வரி திரும்பாமலே பாட ஆரம்பித்தாள். அதே பாட்டுத்தான். ஆனால் அவள் குரலில், கரகரப்போடு, யாரிடமோ கேள்வி கேட்கிற மாதிரி. டோலக்குக்குப் பக்கத்தில் இருந்த ஆர்மோனியக்காரர் அவள் சுருதிக்கான கட்டையைத் தேடித் தடவி, இரண்டாவது வரியில் அவளைப் பிடித்துவிட்டார். பல்லவி முடிகிற இடத்தில் அவள் திரும்பினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கூட்டம் போட்ட சத்தத்தை எந்தத் தியேட்டரிலும் நான் கேட்டதில்லை!

நாடகம் முடிந்ததும் கமிட்டித் தலைவர் வந்து, "கச்சேரிக்காரவியளச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லிட்டோம்" என்றார். அந்தப் புதுப்பட்டிப் பெண் மேடை ஏறி வந்து காளீஸ்வரியோடு சண்டை பிடித்தாள். "எம்புட்டு நேரந்தான் நிக்க வைப்பே அந்த மனுசன? கை வலிக்காதா பெட்டியோட?" காளீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை ரொம்ப நேரம் விடவில்லை. ரயிலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். சினிமாவில் அந்தப் பெண் எவ்வளவு கத்தினாலும் திரையில் இருக்கிறவளுக்குக் கேட்காது. மேடையில் கேட்கும். நாங்கள் இராஜபாளையத்தில் செய்தது, கேட்கிறவளின் காதையும் அடைத்து வாயையும் அடைத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினது. பெரிய ரயில் காட்டினோம், உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய ரயிலைப் படத்தில் காட்டிவிட்டார்களே! அவர்களோடு அதில் போட்டி போட்டால் நாம் குட்டிப் படம்தான் ஆவோம்.

இத்தோடு நிறுத்தினால் என்னை ஏதோ கரை கண்டவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அடுத்த நாடகம் வத்திராயிருப்பில். வாத்தியாருக்கு இப்போது ஒரே உற்சாகம். எனக்கும்தான், மறைக்கவில்லை. "அந்தப் பொம்பள எந்திரிச்சுக் கத்துனது இருக்குலா, அத அப்படியே வச்சுக்கிடுவோம்" என்றார். எங்கள் ஒப்பனைக்காரம்மாவையே கூட்டத்தில் உட்காரவைத்து, அதே இடத்தில், அதே வார்த்தையைக் கத்தச் சொன்னோம். கத்தினார். காளீஸ்வரி அதே தூண் பதிலைச் சொன்னாள். கூட்டம் சும்மா இருந்தது! பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே, செட்டப்புலே இது!"

அன்றைக்குக் காளீஸ்வரி மேடையை விட்டு இறங்கி வந்து என்னிடம் சொன்னாள்: "அண்ணே, நம்ம நாடகத்தயே படமாக்கிட்டோம்லா?"

அதற்குமேல் நான் என்ன விளக்க?

அதன்பிறகு ஆள் வைக்கவில்லை. அவளும் திரும்புகிற இடத்தை முன்கூட்டி முடிவு செய்வதில்லை. சில ஊரில் யாராவது கத்துவார்கள், அவள் பதில் சொல்வாள். ஒரு ஊரில் கைக்குழந்தை ஒன்று வீறிட்டது, அதற்குத் திரும்பினாள்.

முழங்கால் ஒத்துழைக்காமல் நான் ஓய்வெடுத்துக்கொண்டதற்கு முந்தின, என் கடைசி நாடகம் மறுபடியும் இராஜபாளையத்தில். பருத்திப்பால்காரர் அதே இடத்தில் நிற்கிறார். உள்விளக்கை ஏற்றினேன், தங்கப்பாண்டி தெரிந்தார். ஒருத்தரும் கத்தவில்லை. பத்து நொடி. இருபது நொடி. ஒரு சத்தம் இல்லை. பழைய பயம் அப்படியே வந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து வைத்துத்தான் இருந்தேன், பென்டிரைவ் சட்டைப்பையில், இன்னொன்று வீட்டுக்காரி பர்சில். காளீஸ்வரி அசையவில்லை. அவள் கண் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் போகிறது, ரயில் ஜன்னலில் தேடின மாதிரியே.

அப்போது பருத்திப்பால்காரர், கையில் டம்ளரோடு, மேடையோரத்தில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், "திரும்பும்மா" என்றார்.

அவள் திரும்பினாள்.